லாட்வியாவின் முன் உள்ள நான்கு வழிகள்: சுருங்கும் மக்கள்தொகைக்கு எங்கே முதலில் செலவிடுவது?

சோவியத் ஒன்றியம் 1989ஆம் ஆண்டு எடுத்த கடைசிக் கணக்கெடுப்பின்போது லாட்வியாவின் மக்கள்தொகை 26.7 லட்சமாக இருந்தது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 18.6 லட்சம். இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டில் போர் மூளவில்லை, பஞ்சமும் வரவில்லை. ஆயினும் பத்துப் பேருக்கு மூவர் என்ற அளவில் மக்கள் குறைந்துவிட்டனர். பால்டிக் கடலின் கிழக்குக் கரையில் எஸ்டோனியாவுக்கும் லிதுவேனியாவுக்கும் நடுவே அமைந்துள்ள இந்நாடு, எஞ்சியுள்ள உழைப்பாளர்களைக் கொண்டு தன் பொருளாதாரத்தை எப்படி நடத்துவது என்ற முடிவை இனியும் தள்ளிப்போட முடியாத கட்டத்தில் இருக்கிறது. அதன் முன் உள்ள வழிகளை ஒன்றோடொன்று வைத்து எடைபோட்டு, எதற்கு முதலில் பணம் ஒதுக்குவது தகும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மக்கள் குறைந்தது ஒரே காரணத்தால் அன்று, ஒரே காலத்திலும் அன்று. 1990களின் முதற்பாதியில் சோவியத் படையினரும் அவர்தம் குடும்பத்தினரும், ஆலைகளை நம்பி வந்து குடியேறியிருந்த ரஷ்ய மொழியாளர்களில் ஒரு பகுதியினரும் கிழக்கு நோக்கித் திரும்பினர். 1991 முதல் இன்றுவரை ஓர் ஆண்டில்கூட லாட்வியாவில் பிறப்புகள் இறப்புகளை மிஞ்சியதில்லை. 2004ஆம் ஆண்டு மே முதல் நாள் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும், பிரிட்டனும் அயர்லாந்தும் சுவீடனும் தம் வேலைச் சந்தையைக் காத்திருப்பு ஏதுமின்றித் திறந்துவிட, இளைஞர்கள் மேற்கு நோக்கிப் போகத் தொடங்கினர். 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி அந்த ஓட்டத்தை வெள்ளமாக்கியது. உள்நாட்டு வங்கிகளுள் பெரியதான பரெக்ஸ் அவ்வாண்டு நவம்பரில் அரசின் கைக்கு வந்தது. 2009ஆம் ஆண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தி 14 விழுக்காடு சரிந்தது. 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலையின்மை 20 விழுக்காட்டைத் தொட்டது. நாணய மதிப்பைக் குறைக்க மறுத்த வால்டிஸ் டொம்ப்ரோவ்ஸ்கிஸ் அரசு, அதற்கு மாற்றாக ஊதியங்களையும் பொதுச் செலவையும் கடுமையாக வெட்டியது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெரும் எண்ணிக்கையில் மூடப்பட்டன. 2009, 2010 ஆகிய இரண்டே ஆண்டுகளில், வந்தவர்களைக் கழித்தபின் வெளியேறியவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 70,000. லாட்வியா 2014ஆம் ஆண்டு யூரோ வட்டத்துக்குள் நுழைந்தபோது அந்தச் சிக்கன நடவடிக்கைகளை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்வோர் பலர் இருந்தனர். அதற்கான கட்டணத்தில் ஒரு பகுதி மக்கள்தொகைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே என் கருத்து.

பொருளாதாரத்தின் இன்றைய உருவத்தையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2024ஆம் ஆண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 4,000 கோடி யூரோ. வாங்கும் திறனைக் கணக்கிட்டு ஒப்பிட்டால், 2023ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் தலா சராசரியில் லாட்வியா 71 விழுக்காட்டில் நிற்க, லிதுவேனியா 87 விழுக்காட்டை எட்டியிருந்தது. நிலப்பரப்பில் பாதிக்கு மேல் காடு. எனவே அறுத்த மரமும் பிர்ச் மரத்தின் பிளைவுட்டும் மரத்துகள் எரிபொருளும் ஏற்றுமதியின் முதுகெலும்பாக உள்ளன. தெற்குச் சமவெளியான செம்கலேயில் கோதுமை விளைகிறது. ரீகாவில் மைக்ரோடிக் போன்ற ரூட்டர் தயாரிப்பாளர்களும், மருந்து நிறுவனங்களும், ஒரு நடுத்தர அளவிலான மென்பொருள் துறையும் இருக்கின்றன.

நாடு நம்பியிருந்த இரண்டு பழைய தொழில்கள் கைவிட்டுப் போய்விட்டன. ரஷ்யச் சரக்கை மேற்கே அனுப்பிக் கூலி பெறும் துறைமுகத் தொழில், 2003ஆம் ஆண்டு வென்ட்ஸ்பில்ஸுக்கு வந்த எண்ணெய்க் குழாயை ரஷ்யா நிறுத்தியதிலிருந்தே தேயத் தொடங்கி, 2022ஆம் ஆண்டின் தடைகளுக்குப் பின் பெரும்பாலும் ஒடுங்கிவிட்டது. வெளிநாட்டார் பணத்தை வைத்துக்கொள்ளும் வங்கித் தொழில், 2018ஆம் ஆண்டு அமெரிக்க நிதியமைச்சகம் சுமத்திய பணமோசடிக் குற்றச்சாட்டால் ஏ.பி.எல்.வி. வங்கி வீழ்ந்ததோடு முடிவுக்கு வந்தது. இவ்விரு தொழில்களுக்கும் ஆட்கள் அதிகம் தேவைப்பட்டதில்லை. இனி வளர வேண்டிய தொழில்களுக்கோ ஆட்கள் தேவை. மக்கள்தொகைக் கேள்வி இன்று பொருளாதாரக் கேள்வியாக மாறியிருப்பதன் காரணம் இதுதான்.

அரசின் முன் நான்கு வழிகள் உள்ளன: பிறப்பை ஊக்குவித்தல், போனவர்களைத் திரும்ப அழைத்தல், பிற நாட்டாரை வேலைக்கு அனுமதித்தல், இருப்பவர்களின் ஆயுளையும் உழைக்கும் ஆண்டுகளையும் கூட்டுதல். நான்கையும் ஒருசேரச் செய்யலாமே என்று கேட்பது எளிது. ஆனால் ரஷ்யாவோடும் பெலாரஸோடும் எல்லை கொண்ட இந்நாடு, பாதுகாப்புச் செலவை மொத்த உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தி, 5 விழுக்காட்டை நோக்கிச் செல்வதாக உறுதியளித்திருக்கிறது. ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் எஞ்சுவது மிகக் குறைவு. வரிசைப்படுத்தியே தீர வேண்டும்.

பிறப்பை ஊக்குவிக்கும் வழியே அரசியலில் மிகவும் விரும்பப்படுவது. அதை எதிர்த்துப் பேசும் கட்சி எதுவும் இல்லை. மகப்பேற்றுக்குப் பின் பெற்றோருக்கான உதவித்தொகையை முந்தைய ஊதியத்தின் 60 விழுக்காடாக ஏறத்தாழ ஓராண்டுக்கோ, குறைந்த விகிதத்தில் ஒன்றரை ஆண்டுக்கோ பெறும் ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது. 2022ஆம் ஆண்டு முதல் குடும்ப உதவித்தொகை, ஒரு குழந்தைக்கு மாதம் 25 யூரோ, இரண்டு குழந்தைகளுக்கு 100 யூரோ, மூன்று குழந்தைகளுக்கு 225 யூரோ என்று, எண்ணிக்கை கூடக் கூட வேகமாக ஏறும் முறையில் வழங்கப்படுகிறது. இவற்றின் நோக்கம் நல்லது. குழந்தை உள்ள வீடுகளின் வறுமையை இவை குறைக்கவும் செய்யும். ஆனால் மக்கள்தொகையை நிமிர்த்தும் கருவியாக இவற்றைப் பார்க்கும்போது கணக்கு ஒத்துழைக்க மறுக்கிறது.

அந்தக் கணக்கைச் சற்று விரிவாகவே போட்டுப் பார்க்கலாம். 1987ஆம் ஆண்டு லாட்வியாவில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 42,000. 1998ஆம் ஆண்டு பிறந்தவை 18,400 மட்டுமே. இன்று தாயாகும் வயதில் இருப்பவர்கள் அந்த மெலிந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள். 1998ஆம் ஆண்டு பிறந்த பெண்கள் ஏறத்தாழ 9,000 பேர். அவர்களில் ஒருவர்கூட நாட்டைவிட்டுப் போகவில்லை என்றும், ஒவ்வொருவரும் சராசரியாக 2.1 குழந்தை பெறுகிறார் என்றும் வைத்துக்கொண்டாலும், அவர்கள் தலைமுறையிலிருந்து ஆண்டுக்கு 19,000 குழந்தைகளுக்கு மேல் கிடைக்காது. அண்மை ஆண்டுகளில் இறப்புகளோ 26,000 முதல் 28,000 வரை. எனவே உலகின் எந்த வளர்ந்த நாடும் உதவித்தொகையால் எட்டாத ஒரு கருவள விகிதத்தை (ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையை) லாட்வியா எட்டிவிட்டாலும், மக்கள்தொகை குறைந்துகொண்டுதான் இருக்கும். உண்மை நிலவரம் அந்தக் கற்பனையிலிருந்து வெகு தொலைவில் உள்ளது. 2016ஆம் ஆண்டு 1.74 வரை ஏறிய கருவள விகிதம் 2023ஆம் ஆண்டு 1.36 ஆனது, அதன்பின் இன்னும் தாழ்ந்து, 2024ஆம் ஆண்டு பிறப்புகள் 13,000க்கும் கீழே போயின.

பக்கத்து நாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. எஸ்டோனியா லாட்வியாவைவிடத் தாராளமாகச் செலவிடுகிறது. முந்தைய ஊதியம் முழுவதையும், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு அங்கே பெறலாம். 2017ஆம் ஆண்டு மூன்று குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 300 யூரோ கூடுதலாகத் தரத் தொடங்கியபோது மூன்றாவது குழந்தைகளின் எண்ணிக்கை உண்மையிலேயே சற்று உயர்ந்தது. ஆனால் அந்த அலை நீடிக்கவில்லை. 2024ஆம் ஆண்டு எஸ்டோனியாவில் பிறந்த குழந்தைகள் 10,000க்கும் குறைவு. இப்படிப்பட்ட திட்டங்கள், பெற நினைத்த குழந்தையை ஓரிரு ஆண்டுகள் முன்னதாகப் பெற வைக்கின்றனவே தவிர, மொத்த எண்ணிக்கையை அதிகம் மாற்றுவதில்லை என்ற ஐயம் மக்கள்தொகை ஆய்வாளர்களிடையே பழையது. அதோடு, இன்று பிறக்கும் குழந்தை வரி செலுத்தத் தொடங்க இருபது ஆண்டுகள் ஆகும்.

போனவர்களைத் திரும்ப அழைக்கும் வழிக்கு உணர்வுபூர்வமான கவர்ச்சி மிகுதி. மொழி தெரிந்தவர்கள், உறவினர் உள்ளவர்கள், வெளியே தொழில் கற்றவர்கள். இவர்கள் வருவதை யாரும் ஆட்சேபிக்கப்போவதில்லை. 2013ஆம் ஆண்டு இரட்டைக் குடியுரிமைக்கு வழி செய்யப்பட்டது. 2018 முதல் ஒவ்வொரு மண்டலத்திலும் ஓர் ஒருங்கிணைப்பாளர் அமர்த்தப்பட்டு, திரும்பிவர விரும்பும் குடும்பத்துக்கு வேலை, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றைத் தேடிக் கொடுக்கிறார். 2019ஆம் ஆண்டு புலம்பெயர்ந்தோருக்கென்றே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. செலவோடு ஒப்பிட்டால் இத்திட்டத்தின் பயன் மோசமில்லை. ஓர் ஒருங்கிணைப்பாளரின் ஊதியத்தில் ஆண்டுக்குப் பல குடும்பங்கள் வந்து சேர்ந்தால் அதுவே லாபம். ஆனால் திரும்பி வருவோர் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர் என்ற அளவைத் தாண்டவில்லை. 2020ஆம் ஆண்டின் இறுதியோடு பிரிட்டனில் தடையற்ற குடியேற்றம் முடிவுக்கு வந்தபோது பெரும் திரும்பல் நிகழும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அங்கே வேரூன்றியவர்களில் பெரும்பாலோர் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டனர். 2010இல் அயர்லாந்தின் காளான் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தவரின் பிள்ளை இன்று ஆங்கிலத்தில் பள்ளி முடித்திருப்பார். அவரை ரெசெக்னேயின் ஒரு பள்ளியில் கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஒருங்கிணைப்பாளரின் நல்லெண்ணம் மட்டும் போதாது.

இங்கே லிதுவேனியாவை நிறுத்திப் பார்ப்பது பயனுள்ளது. அந்நாடும் இதேபோல் ஆட்களை இழந்தது. 1990களின் தொடக்கத்தில் 37 லட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை 28 லட்சம் வரை இறங்கியது. ஆனால் 2019 முதல் அங்கே வருவோர் தொகை போவோர் தொகையை மிஞ்சிவிட்டது. திரும்பிய லிதுவேனியர்களும் அதில் கணிசமாக உண்டு. அந்நாட்டின் கருவள விகிதம் 1.2க்கும் கீழே இறங்கிக்கொண்டிருக்கையில் இது நடந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். லிதுவேனியா செய்த அழைப்புப் பிரசாரம் லாட்வியாவின் பிரசாரத்தைவிடச் சிறப்பானது என்று சொல்ல எனக்கு ஆதாரம் ஏதும் தென்படவில்லை. தென்படும் வேறுபாடு ஊதியத்தில் இருக்கிறது. 2025ஆம் ஆண்டு லாட்வியாவின் குறைந்தபட்ச மாத ஊதியம் 740 யூரோ; எஸ்டோனியாவில் 886 யூரோ; லிதுவேனியாவில் 1,038 யூரோ. லிதுவேனியாவில் 2019ஆம் ஆண்டு தொழிலாளர் சார்பான காப்பீட்டுத் தொகையை ஊதியத்தோடு சேர்த்துக் கணக்கிடும் முறை வந்ததால், பிடித்தம் போகக் கையில் கிடைக்கும் தொகையின் இடைவெளி இதைவிடக் குறைவுதான். ஆனால் வாங்கும் திறன் கணக்கில் 87க்கும் 71க்கும் உள்ள தூரம் கணக்கியல் மாற்றத்தால் விளைந்ததன்று. கௌனாஸ், கிளைபேடா போன்ற இரண்டாம் நிலை நகரங்களிலும் அங்கே தொழில் வளர்ந்தது. லாட்வியாவிலோ மக்களில் மூன்றிலொருவர் ரீகாவில் வாழ, இரண்டாம் பெரிய நகரமான டௌகாவ்பில்ஸ் 1989க்குப் பின் தன் மக்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இழந்து, 80,000க்கும் கீழே இறங்கிவிட்டது.

ஆகவே திரும்பி வரும் வழியைத் தனித்த திட்டமாகப் பார்ப்பதைவிட, ஊதியம் உயர்ந்தால் தானே வரும் விளைவாகப் பார்ப்பது பொருத்தம். ஊதியம் உயராததற்குக் காரணங்களும் தெரிந்தவைதாம். நெருக்கடியில் சூடுபட்ட வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்குகின்றன. கணக்கில் வராத பொருளாதாரம், ரீகாவில் உள்ள ஸ்டாக்ஹோம் பொருளியல் பள்ளி வெளியிடும் குறியீட்டின்படி, மொத்த உற்பத்தியில் 20 விழுக்காட்டுக்கு மேல். ஊதியத்தின் ஒரு பகுதியை உறையில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் அங்கே ‘உறைச் சம்பளம்’ என்றே அறியப்படுகிறது. உறையில் பெறும் பணத்துக்கு ஓய்வூதியமும் இல்லை, மகப்பேற்று உதவித்தொகையும் இல்லை. பிறப்பை ஊக்குவிக்கும் உதவித்தொகை முந்தைய ஊதியத்தின் விழுக்காடாகவே கணக்கிடப்படுவதால், முதல் வழிக்கு ஒதுக்கும் பணமும் இந்த உறையில் இடித்துக்கொண்டு நிற்கிறது.

மூன்றாவது வழியான வெளிநாட்டுத் தொழிலாளர்கள், எண்ணிக்கையில் மட்டும் பார்த்தால், மற்ற எல்லாவற்றையும் விஞ்சக் கூடியது. 2022ஆம் ஆண்டே அதற்குச் சான்று: போரிலிருந்து தப்பிவந்த உக்ரேனியர்களால் லாட்வியாவின் மக்கள்தொகை அவ்வாண்டு ஏறத்தாழ 7,000 கூடியது. சுதந்திரம் மீண்ட பின்னர் அந்நாடு கண்ட முதல் ஏற்றம் அது. பத்தாண்டுத் திட்டங்கள் செய்யாததை ஓர் ஆண்டின் வரவு செய்துவிட்டது. அதன்பின் எண்ணிக்கை மீண்டும் இறங்கத் தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வழிக்கு எதிரான தயக்கத்தை வெறும் அயலார் வெறுப்பு என்று ஒதுக்கிவிடுவது லாட்வியாவின் வரலாற்றைப் படிக்காதவர்கள் செய்யும் வேலை. இரண்டாம் உலகப் போருக்கு முன், 1935ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், லாட்வியர்கள் மக்களில் ஏறத்தாழ நான்கில் மூவராக இருந்தனர். போருக்குப்பின் ரீகாவின் வெஃப் மின்னணு ஆலை, யெல்காவாவின் ராஃப் சிற்றுந்து ஆலை போன்றவற்றுக்கு சோவியத் ஒன்றியத்தின் பிற பகுதிகளிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டதாலும், போரிலும் நாடுகடத்தல்களிலும் உள்ளூர் மக்கள் இழக்கப்பட்டதாலும், 1989இல் லாட்வியர்களின் பங்கு 52 விழுக்காடாகக் குறுகியது. சொந்த நாட்டில் சிறுபான்மையினராகும் விளிம்புவரை சென்று மீண்டவர்கள் என்ற நினைவு அங்கே உயிரோடிருக்கிறது. சோவியத் காலத்தில் குடியேறியோர் பலர் 1991க்குப் பின் எந்த நாட்டுக் குடியுரிமையும் இன்றி, ‘குடியுரிமை பெறாதோர்’ என்ற தனிக் கடவுச்சீட்டோடு வாழ்ந்தனர். இன்றும் மக்களில் பத்திலொருவருக்குச் சற்றுக் குறைவானோர் அந்நிலையில் உள்ளனர். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்குத் தானாகவே குடியுரிமை கிடைப்பது 2020 முதல்தான். ரஷ்ய மொழியை இரண்டாம் அரச மொழியாக்கலாமா என்று 2012ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். 2023 முதல் எல்லாப் பள்ளிகளும் படிப்படியாக லாட்விய மொழிக்கு மாற்றப்பட்டன. இத்தனைக்கும் பிறகு, பத்து லட்சத்துச் சொச்சம் பேர் தாய்மொழியாகக் கொண்ட ஒரு மொழியைக் காக்கும் நாடு, குடியேற்றத்தைத் தனியொரு தொழிலாளர் சந்தைக் கணக்காகப் பார்க்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

பக்கத்து இரு நாடுகளும் இதில் வெவ்வேறு பாதையில் சென்றுள்ளன. எஸ்டோனியா, ஆண்டுக்கு வழங்கும் புதிய வசிப்பு அனுமதிகளை மக்கள்தொகையில் 0.1 விழுக்காடு என்று சட்டத்திலேயே வரையறுத்துவிட்டு, தகவல் தொழில்நுட்ப வல்லுநர்களுக்கும் புதிய தொழில் தொடங்குவோருக்கும் அதிலிருந்து விலக்கு அளிக்கிறது. லிதுவேனியா, லாரி ஓட்டுநர்களையும் கட்டுமானத் தொழிலாளர்களையும் பெலாரஸ், உக்ரேன், மத்திய ஆசியா ஆகிய இடங்களிலிருந்து பெருமளவில் எடுத்துக்கொண்டது. அங்கே வெளிநாட்டினர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியதும், கதவைச் சற்றே சாத்தும் பேச்சும் எழுந்தது. லாட்வியா இவ்விரண்டுக்கும் இடையில், வெளிநாட்டாருக்குத் தர வேண்டிய ஊதியத்துக்கு நாட்டின் சராசரி ஊதியத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு வரம்பை விதித்திருக்கிறது. மலிவான உழைப்பைக் கொண்டுவந்து உள்ளூர் ஊதியத்தை அமுக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். முதலாளிகள் சங்கங்கள் இதைத் தளர்த்தக் கேட்கின்றன. என் பார்வையில், மூன்று நாடுகளின் விதிகளிலும் லாட்வியாவினுடையதே அறிவார்ந்தது; எண்ணிக்கையைப் பூட்டாமல் தரத்தைப் பூட்டுகிறது. தளர்த்தினால் மரஆலைகளுக்கு ஆள் கிடைக்கும்; ஆனால் இயந்திரம் வாங்க வேண்டிய கட்டாயம் மறைந்துபோகும்.

இதே கதவின் பக்கவாட்டில் இன்னொரு சிறு வாசல் இருக்கிறது: மாணவர்கள். லாட்வியப் பல்கலைக்கழகங்களில் 10,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் படிக்கின்றனர். அவர்களை அதிகமாக அனுப்பும் நாடுகளில் உஸ்பெகிஸ்தானும் இந்தியாவும் இலங்கையும் முன்னணியில் உள்ளன. ரீகா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஸ்ட்ராடின்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் பேசும் மாணவர்களும் இருக்கிறார்கள். ரீகாவின் தெருக்களில் மிதிவண்டியில் உணவு கொண்டுசெல்லும் தெற்காசிய மாணவர்கள் அந்நகரத்தின் அரசியல் விவாதத்தில் இடம்பெறும் அளவுக்குக் கண்ணில் படுகின்றனர். நாட்டுக்கு உள்ள சிக்கல், அவர்கள் வருவதில் இல்லை. படித்து முடித்ததும் போய்விடுவதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பாடம் நடத்திக் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகம் லாட்விய மொழியைக் கற்பிக்க அக்கறை காட்டாவிட்டால், பட்டம் பெற்ற பொறியாளருக்கு ஜெர்மனி போவதே எளிதாகிவிடும். ஆண்டுக்குச் சில நூறு பேருக்கு முறையான மொழிப் பயிற்சி அளிக்கும் செலவு, ஒரு குடும்ப உதவித்தொகை உயர்வோடு ஒப்பிட்டால் சில்லறை. தமிழ் மாணவர்களுக்கும் இது பொருந்தும்: அங்கே தங்க எண்ணுவோர், முதல் ஆண்டிலேயே மொழி வகுப்பைத் தேடிக்கொள்வது நல்லது.

நான்காவது வழியைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. லாட்விய ஆண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 71 ஆண்டு. பெண்களுடையது 80ஐச் சற்று ஒட்டியது. இடைவெளி ஏறத்தாழ பத்து ஆண்டு. கடலுக்கு அக்கரையில் உள்ள சுவீடனில் ஆண்கள் 80ஐத் தாண்டி வாழ்கின்றனர். மக்களில் 54 விழுக்காட்டினர் பெண்கள் என்ற நிலை உலகிலேயே அரிது. அது பெண் பிறப்பு மிகுதியால் வந்ததன்று, ஆண்கள் முன்னதாக இறப்பதால் வந்தது. இதய நோய், மது, புகை, சாலை விபத்து, தாமதமாகக் கண்டறியப்படும் புற்றுநோய் ஆகியவை ஐம்பதுகளிலும் அறுபதுகளின் முற்பகுதியிலும் உள்ள ஆண்களை எடுத்துக்கொண்டு போகின்றன. 2013ஆம் ஆண்டு 62ஆக இருந்த ஓய்வு வயது, ஆண்டுக்கு மூன்று மாதம் வீதம் உயர்ந்து 2025ஆம் ஆண்டு 65 ஆகியிருக்கிறது. சட்டம் உழைக்கும் ஆண்டுகளைக் கூட்டியிருக்கிறது. உடல் அதற்கு ஈடுகொடுக்கிறதா என்பதைச் சட்டம் பார்க்கவில்லை.

இதில் எஸ்டோனியாவோடு ஒப்பிடுவது மிகுந்த தெளிவைத் தருகிறது. 1990களின் நடுப்பகுதியில் இரண்டு நாடுகளிலும் ஆண்களின் ஆயுள் 60ஐ ஒட்டி, கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருந்தது. இன்று எஸ்டோனியாவின் மொத்தச் சராசரி ஆயுள் 79ஐ நெருங்க, லாட்வியா 76ஐ ஒட்டி நிற்கிறது. ஒரே வகை உணவு, ஒரே குளிர், ஒரே சோவியத் மரபு. ஆகவே வேறுபாட்டைத் தட்பவெப்பத்தின்மீதோ பழக்கத்தின்மீதோ போட முடியாது. எஸ்டோனியா கட்டாய மருத்துவக் காப்பீட்டு நிதியை 1990களிலேயே உறுதியாக நிறுவி, அதிலிருந்து குடும்ப மருத்துவர்களுக்குப் பணம் செல்லும்படி செய்தது. லாட்வியாவில் பட்ஜெட் நெருக்கும்போதெல்லாம் மருத்துவம் வெட்டப்பட்டது. நோயாளி தன் கையிலிருந்து செலுத்தும் பங்கு ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. முறையான சிகிச்சையால் தவிர்த்திருக்கக் கூடிய இறப்புகளின் விகிதத்திலும் அந்நாடு ஒன்றியத்தின் மோசமான வரிசையில் இருக்கிறது.

மதுவைப் பொறுத்தவரை ஒரு வேடிக்கையான உண்மையும் உண்டு. எஸ்டோனியா 2010களின் பிற்பகுதியில் மது வரியைத் தொடர்ந்து உயர்த்தியபோது, எஸ்டோனியர்கள் எல்லை தாண்டி வால்காவுக்கும் ஐனாஷிக்கும் வந்து பெட்டி பெட்டியாக வாங்கிச் சென்றனர். லாட்வியக் கருவூலம் மகிழ்ந்தது. 2019ஆம் ஆண்டு எஸ்டோனியா வரியைக் கால் பங்கு குறைத்ததும், வாடிக்கையாளரை இழக்க மனமில்லாத லாட்வியாவும் தன் வரியைக் குறைத்தது. தன் ஆண்களின் ஆயுளைவிட அயல் நாட்டு வாடிக்கையாளரைப் பெரிதாக மதித்த கொள்கை அது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் கடைகளில் மது விற்கும் நேரம் சுருக்கப்பட்டது தாமதமான திருத்தம், ஆனாலும் திருத்தம்தான்.

மக்கள் குறைவதை ஏற்றுக்கொண்டு அதற்கேற்ப நாட்டை அமைத்துக்கொள்வதையும் ஐந்தாவது வழியாகச் சொல்லலாம். உள்ளாட்சிகளின் எண்ணிக்கை 2021ஆம் ஆண்டு 119லிருந்து நாற்பதைச் சற்று தாண்டும் அளவுக்குக் குறைக்கப்பட்டது. மாணவர் குறைந்த பள்ளிகள் மூடப்பட்டு வருகின்றன. இது தேர்வு என்பதைவிடக் கட்டாயம். எந்த வழியைத் தேர்ந்தாலும் உடன் நடக்கத்தான் போகிறது. ஆயினும் கிழக்கில் உள்ள லத்கலே போன்ற எல்லை மாகாணத்தில் பள்ளியை மூடும்போது, கடைசி இளம் குடும்பமும் ரீகாவுக்குப் போய்விடும் என்பதையும், ரஷ்ய எல்லையை ஒட்டிய ஊர்கள் வெறிச்சோடுவது பாதுகாப்புக்கும் நல்லதன்று என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கே மட்டும் சேமிப்பைப் பாராமல் பள்ளியை வைத்திருக்கலாம் என்பேன்.

வரிசைப்படுத்தச் சொன்னால், நான் கூடுதல் பணத்தை முதலில் நான்காவது வழியில்தான் போடுவேன்: குடும்ப மருத்துவர், இதய நோய்க்கான தொடர் மருந்து, புற்றுநோய்ப் பரிசோதனை, மது வரி. பலன் ஐந்து ஆறு ஆண்டுகளில் தெரியத் தொடங்கும். காப்பாற்றப்படுபவர் ஏற்கெனவே மொழியறிந்த, தொழில் கற்ற, வரி செலுத்தும் ஒருவர். எந்த இன அரசியலும் அதில் குறுக்கிடாது. இரண்டாவதாக, உறைச் சம்பளத்தை ஒழிக்கும் வரி நிர்வாகமும், தொழில்களுக்கான கடன் உத்தரவாதமும். அவற்றால் உயரும் ஊதியமே திரும்பி வருவோருக்கான மெய்யான அழைப்பு. மூன்றாவதாக, ஊதிய வரம்பைத் தளர்த்தாமல், மொழிப் பயிற்சியோடு சேர்த்து வெளிநாட்டுப் பட்டதாரிகளைத் தங்க வைத்தல். குடும்ப உதவித்தொகையை இப்போதுள்ள அளவில், விலைவாசிக்கேற்ப மட்டும் உயர்த்தி வைத்திருக்கலாம்.

பிறப்பை ஊக்குவிக்கும் பெரிய செலவுக்கும் ஒரு காலம் வரும். அது இப்போது இல்லை. நெருக்கடிக்கு முந்தைய செழிப்பில், 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் லாட்வியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 24,000 குழந்தைகள் பிறந்தன. 1998ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் இது கால் பங்குக்கு மேல் கூடுதல். அப்போது பிறந்த பெண்கள் முப்பதை நெருங்குவது 2035ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில். இளம் தம்பதிக்கான வீட்டுக்கடன் உத்தரவாதம், ரீகாவுக்கு வெளியே வாடகை வீடுகள், குழந்தைகள் காப்பகங்கள் ஆகியவற்றைக் கட்டி முடிக்க அதற்குள் ஏறத்தாழ பத்து ஆண்டு இருக்கிறது. அவர்களில் ஒரு பகுதியினர் கைக்குழந்தைகளாக 2009லும் 2010லும் பெற்றோரோடு பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் போய்விட்டனர். 2013ஆம் ஆண்டின் திருத்தத்தால் அவர்களில் பலர் லாட்வியக் கடவுச்சீட்டையும் வைத்திருக்கின்றனர்.